கிரீஸ் பட்ட ரப்பர்

மார்ச் பதினோராம் தேதி காலை, ரயில்வே கேட்டைத் தாண்டியதும் பள்ளி வேன் நின்றது. உள்ளே பதினான்கு பிள்ளைகள் இருந்தார்கள்.

அந்த வருஷத்தில் அது இரண்டாவது தடவை. இரண்டு தடவையும் போனது ஒரே சாமான்: டிரைவ் ஷாஃப்ட்டின் நடுவே இருக்கும் ரப்பர் கப்ளிங். உள்ளங்கை அகலத்தில் கெட்டியான வட்டம். இஞ்சினின் உதறலைத் தான் வாங்கிக்கொண்டு, சுழற்சியை மட்டும் பின் சக்கரத்துக்கு அனுப்பும். இன்னொரு தடவை நின்றால் வேறு வேன் பார்த்துக்கொள்வதாகத் தலைமையாசிரியை சொல்லிவிட்டார். வேனை ஓட்டுகிறவளுக்கு அந்த வேலையை விட மனசில்லை. ஸ்டீயரிங் பிடிக்க அவள் வீட்டோடு மல்லுக்கட்டியது கொஞ்சநஞ்சமல்ல.

சனிக்கிழமை பழைய சேலையை விரித்து வண்டிக்கடியில் படுத்தாள். கொழுந்தன் ஓடி வந்தான். வீட்டு மெக்கானிக் அவன்தான். தெருவே அவனை ‘கிரீஸ்’ என்றுதான் கூப்பிடும்.

“வெளிய வாங்க அண்ணி, நான் பாத்துக்கறேன்.”

“நீ பாத்துக்கிட்டதுலதான் ரெண்டு போச்சு.”

“கடைக்காரன் மட்டமான சரக்கைத் தலையில கட்டிட்டான்.”

அவள் பழைய கப்ளிங்கைக் கழற்றி, வாங்கி வந்திருந்த புதியதன் பக்கத்தில் வைத்தாள். பழையது உப்பியிருந்தது. நகம் வைத்தால் பிசுபிசுவென்று உள்ளே இறங்கியது. போல்ட் ஓட்டையைச் சுற்றி வாய்பிளந்த வெடிப்பு. இந்தப் பிசுபிசுப்பை எங்கோ தொட்டிருக்கிறோமே என்று யோசித்தவள், எழுந்து வேன் கதவைத் திறந்தாள். கதவைச் சுற்றிய ரப்பர் பட்டையும் அதே மாதிரி உப்பி, நாக்கு போலத் தொங்கியது.

“இந்தக் கதவுக்கு என்ன தடவின?”

“கிரீஸ்தான். கிறீச்சுன்னு சத்தம் வந்துச்சே.”

“அடியில இருக்கறதுக்கு?”

“அதுக்கும் வாராவாரம் வச்சேன். காஞ்சு வெடிக்கக் கூடாதுல்ல?” சொல்லி முடிக்கும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது.

“இரும்பும் இரும்பும் உரசுற எடத்துக்குத்தான்டா கிரீஸ். ரப்பரை அது ஊறவச்சுத் தின்னுடும். நல்லவேளை, குக்கர் கேஸ்கட் உன் கையில சிக்கல.”

“சும்மா பேசாதீங்க அண்ணி. ஸ்பானரைக் குடுங்க.”

“இன்னைக்கு நான்தான் மாட்டுவேன். நீ அந்தப் பக்கம் போல்ட் தலை சுத்தாம புடிச்சுக்கோ. நான் நட்டை மட்டும் முறுக்கறேன். தலை சுத்துனா ரப்பரும் கூடவே முறுக்கிக்கும்.”

கியர்பாக்ஸ் பக்கம் ஒட்டியிருந்த எண்ணெய்ப் பசையை முதலில் உலர்ந்த துணியால் துடைத்தாள். தோள் வலித்தது. கடைசி நட்டுக்குக் கை எட்டவில்லை. அவன் ஸ்பானரை வாங்கப் பார்த்தான், அவள் தரவில்லை. விரல் முட்டி தோல் பெயர்ந்தபிறகு நட்டு இறுகியது.

அன்று முதல் திங்கள்தோறும் பிள்ளைகளை ஏற்றும் முன் டார்ச்சோடு குனிந்து, வெடிப்பு, உப்பல், எண்ணெய் மூன்றையும் பார்த்தாள். கிரீஸ் டப்பா பரண் ஏறியது. ஏற்றியவன் கொழுந்தன்தான்.

ஆண்டுத் தேர்வு முடியும்வரை வேன் வழியில் நிற்கவில்லை. அடுத்த வருஷத்துக்கும் பள்ளி அவளையே வரச் சொன்னது.