அனைவருக்கும்: என்னை நீக்கவும்

எங்கள் பள்ளியின் பழைய மாணவர்கள் அறுநூற்று நாற்பது பேர் ஒரு மெயில் குழுவில் இருக்கிறார்கள். ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் போகும். விலக நினைப்பவர் மெயிலின் அடியில் இருக்கும் லிங்கைத் தொட்டால் போதும். யாரும் தொடுவதில்லை. "தயவுசெய்து என்னை நீக்கவும்" என்று அறுநூற்று நாற்பது பேருக்கும் எழுதுகிறார்கள். உடனே பத்துப் பேர் "என்னையும்" என்பார்கள். "எல்லோருக்கும் பதில் அனுப்பாதீர்கள்" என்று ஒருவர் எல்லோருக்கும் பதில் அனுப்புவார்.

அவர்களுக்குத் தனித்தனியாக வழி சொல்லி எழுதுவது என் வேலை. ரிச்சர்ட்ஸ் டவுனில் சங்கச் செயலாளர் பிரிஜெட் ஆண்டி வீட்டுக் கம்ப்யூட்டரில் மாலையில் உட்காருவேன். 'அட்மின்' என்று மட்டும் கையெழுத்திடுவேன். டாக்டர்களும் மேனேஜர்களும் 'டியர் சர்' என்று பதில் போடுவார்கள். வாய் திறக்காமல் செய்கிற வேலை எனக்கு வேறு கிடைத்ததில்லை. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கப் பயந்து, ஒன்பதாவதோடு அந்தப் பள்ளியை விட்டவள் நான். பத்தாவது முடித்தவர்களுக்கு மட்டுமே குழு என்பது சங்க விதி. என் விஷயம் ஆண்டிக்கு மட்டும் தெரியும்.

சங்கத் தலைவர் ஹெர்பர்ட் அங்கிள், நீக்கச் சொல்லும் மெயில்களின் தொல்லை தாங்காமல் தானும் விலக முடிவு செய்தார். மூன்று முறை எல்லோருக்கும் எழுதினார். என்னால் அவரை நீக்க முடியாது. அட்மின் யாரையும் தானாக நீக்கக் கூடாது என்பது அவரே கொண்டுவந்த விதி. நான்காவது மெயிலில், "யார் இந்த அட்மின்? எந்த பேட்ச்? ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வரட்டும்" என்றிருந்தது.

"போன் பண்ணி வழி சொல்லிடும்மா சரளா," என்றார் ஆண்டி. "ஆள் அடங்கிடுவார்."

"நீங்களே பேசுங்க ஆண்டி."

"எனக்கு அந்த லிங்கு கிங்கெல்லாம் வாயில வராது. எழுதி என் மெயிலுக்கு அனுப்பு, போன்ல அவருக்குப் படிச்சுக் காட்டறேன். சின்ன வயசுல நாங்க ஒண்ணா போன சண்டே ஸ்கூல்லயே அவர் யார் பேச்சையும் காதுல போட்டுக்க மாட்டார்."

ஏழு வரியில் வழியை எழுதினேன். கடைசியில் ஆண்டிக்காக ஒரு வரி சேர்த்தேன்: 'எந்த பேட்ச் என்று கேட்டால் சொல்லிவிடாதீர்கள். ஒன்பதாவதோடு நின்றவள் என்று தெரிந்தால் இந்த வேலை போய்விடும்.'

அனுப்பிய பிறகுதான் பார்த்தேன். அங்கிளின் மெயிலுக்கே பதில் போட்டிருந்தேன். அறுநூற்று நாற்பது பேருக்கும் போயிருந்தது.

கம்ப்யூட்டரின் ஒயரைப் பிடுங்கிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் ஆண்டி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். வாசலிலேயே நின்றேன்.

"உள்ள வா. ஹெர்பர்ட் போன் பண்ணார்."

"என்ன சொன்னார்?"

"இவ்வளவு நீளமா எழுதறவர் நம்மளவிட சீனியராத்தான் இருப்பார், பாவம், கூட்டத்துக்கு அலைய வைக்க வேணாம்னார்."

பதினோரு பதில்கள் வந்திருந்தன. ஒன்பதில் 'என்னை நீக்கவும்'. மெல்போர்னிலிருந்து டிரேவர், தெளிவான விளக்கத்துக்கு நன்றி சொல்லியிருந்தார். ஹெர்பர்ட் அங்கிள் என் மெயிலுக்கு மேலேயே, "புரிந்தது சர். என்னை நீக்கவும்" என்று எல்லோருக்கும் எழுதியிருந்தார்.

இன்னொரு மெயில் குழுவுக்கு வரவில்லை. அட்மின் முகவரிக்குத் தனியாக வந்திருந்தது. ஸ்வர்ணா என்று ஒருவர்.

"கடைசி வரி வரை படித்தேன். நானும் ஒன்பதாவதோடு நின்றவள்தான். பதினோரு வருடமாகக் குழுவில் இருக்கிறேன். என்னை நீக்கிவிடாதீர்கள்."

அன்று இரண்டு விதிகளை மீறினேன். ஸ்வர்ணாவை விட்டுவைத்தேன். ஹெர்பர்ட் அங்கிளை நானே நீக்கினேன்.