முதுகில் ஓடிய துடுப்பு

ஹேமலதா அனுப்பியிருந்த படத்துக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனில் பதில் வந்தது. "இது கடற்பாம்பு இல்லை. முதுகு நெடுக மெல்லிய துடுப்பு ஓடுவதைப் பாருங்கள். பாம்பைப் போலவே கோடு போட்ட ஒருவகை விலாங்கு. யாரையும் ஒன்றும் செய்யாது." கடலுயிர்களை அடையாளம் சொல்லும் இணையக் குழுவில் சோபனா என்ற ஆய்வாளர் எழுதியிருந்தார்.

படத்தை எடுத்தது ஹேமலதாவின் தம்பி ஜெயப்பிரகாஷ். ஆம்பூர் ஷூ கம்பெனியில் கூட வேலை பார்த்த பூவரசனோடு அந்தமானுக்கு டைவிங் போனவன், பெட்டியில் திரும்பி வந்தான். பாம்பைக் கண்டதும் ஜெயப்பிரகாஷின் கையைப் பிடித்து மேலே இழுத்து வந்ததாகப் பூவரசன் எல்லோரிடமும் சொன்னான். மூச்சை அடக்கிக்கொண்டு அத்தனை வேகமாக மேலே வந்ததில் நுரையீரல் கிழிந்துவிட்டது என்றார்கள் டாக்டர்கள்.

"காப்பாத்தத்தானே இழுத்தான், பாவம்" என்பாள் அம்மா. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மறுபடி சாப்பிடத் தொடங்கியிருந்தாள். ஹேமலதாவுக்குத்தான் அது என்ன பாம்பு என்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

படத்தைப் பெரிதாக்கினாள். துடுப்பு இருந்தது. படம் கொஞ்சமும் ஆடவில்லை. பயந்தவன் இப்படி எடுப்பானா? அது பாம்பில்லை என்று ஒருவேளை அவனுக்குத் தெரிந்திருக்கலாம். இழுத்த கையை உதறப் பார்த்திருப்பானோ? அதற்குமேல் நினைக்க முடியாமல் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

சாயங்காலம் பூவரசன் வந்தான். வாசற்படியைத் தாண்டவில்லை.

"இன்னாக்கா, பதில் எதுனா வந்துச்சா?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வந்துச்சு. பாம்புதானாம். விஷம் ஜாஸ்தியாம்."

அவன் தலையாட்டினான். அம்மா காபி கொண்டுவந்து கொடுத்தாள். நின்றபடியே குடித்தான். ஹேமலதா கேட் வரைக்கும் கூடப் போனாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"அந்தக் குரூப்ல நானும் இருக்கேன்கா. மத்தியானமே படிச்சிட்டேன்."

"அப்புறம் இன்னாத்துக்குடா கேட்ட?"

"நீ திட்டுவன்னுதான் வந்தேன்."

உள்ளேயிருந்து அம்மா, "அவன் கெளம்பிட்டானா? சாப்ட்டுப் போகச் சொல்லேன்டி" என்றாள்.

பூவரசன் வண்டியில் ஏறி உட்கார்ந்து ஹெல்மெட்டை மாட்டினான். அதன் கண்ணாடியை இறக்கினான். வண்டியைக் கிளப்பவில்லை. பின்னால் தண்ணீர் லாரி ஒன்று வழி கேட்டு ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. கண்ணாடியின் உட்புறத்தில் ஆவி கொஞ்சம் கொஞ்சமாக ஏறி அவன் கண்களை மறைத்தது.