பத்து நொடி முந்திய தட்டல்

அந்தமானில் பாம்பூஃப்ளாட்டிலிருந்து சாத்தாமுக்குச் செல்லும் எட்டேகால் ஃபெரி புறப்பட்டபோது, அமெரிக்காவில் கூடைப்பந்துத் தொடரின் ஏழாவது ஆட்டம் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. நான்கு ஆட்டங்களை முதலில் வெல்லும் அணிக்கே கோப்பை. பச்சைச் சட்டை அணி மூன்று, ஊதாச் சட்டை அணி மூன்று. அவர்களுக்கு அது இரவு; நமக்கு விடிந்து, வெயிலும் ஏறிய காலை.

படகு எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் யோகராஜ், மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே நின்று கைப்பேசியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதினேழு வருடமாகப் பச்சை அணியின் பக்தன். ஆனால் அந்த அணியைப் பற்றிப் பேச இந்தத் தீவுகளில் ஓர் ஆள்கூட அவனுக்குக் கிடைத்ததில்லை.

"அரே யோகராஜ், அங்க எவனோ பந்து போட்டா உனக்கென்னய்யா?" என்றார், அவனோடு ஒரே பட்டறையில் வேலை செய்யும் ரவிக்குமார். "கிரிக்கெட்னாலும் பரவாயில்ல. அந்தப் பசங்களுக்கு அந்தமான் எங்க இருக்குன்னாவது தெரியுமா?"

"தெரியாட்டி என்னாங்க? எனக்குத்தான் அவங்கள தெரியுமே."

கழிமுகச் சேற்றில் தனியே வாழ்ந்த நண்டொன்று, தன் பெரிய கொடுக்கை நாள்தோறும் உயர்த்திக் காட்டியதாம். எதிரே வேறு நண்டே இல்லை. சில காலத்தில், அந்தக் கொடுக்கு எதற்கென்றே அதற்கு மறந்துபோயிற்றாம். யோகராஜின் நிலையும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது, போன வாரம் வரையில்.

போன வாரம் ஐந்தாவது ஆட்டத்தின்போது, இதே ஃபெரியில், எங்கோ இரண்டு முறை தட்டும் ஒலி கேட்டது. பத்து நொடி கழித்து அவன் கைப்பேசியில் ஊதா அணி பந்தைக் கூடைக்குள் போட்டது. தற்செயல் என்று விட்டுவிட்டான். ஆனால் மறுபடியும் தட்டல், மறுபடியும் ஊதாவின் கூடை. ஆறாவது ஆட்டத்திலும் அப்படியே. ஒரே ஆட்டம் எல்லாக் கைப்பேசிகளுக்கும் ஒரே நொடியில் வந்துசேர்வதில்லை என்பது அவனுக்குத் தெரியும். அப்படியானால், இந்த ஃபெரியில் ஊதா அணியின் ரசிகர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு ஆட்டம் பத்து நொடி முன்பாகவே வந்துவிடுகிறது.

யார் அவர்? இன்று தெரியாவிட்டால், அடுத்த பருவம்வரை அந்தத் தட்டல் கேட்கப்போவதில்லை.

டொக் டொக். இடப்பக்கம். யோகராஜ் இரண்டு மோட்டார் சைக்கிள்களைக் கடந்தான். கைப்பேசியில் ஊதா மூன்று புள்ளி எடுத்தது. டொக் டொக். இப்போது ஒலி பின்பக்கத்திலிருந்து வந்தது. காய்கறி மூட்டைகளைத் தாண்டினான். யாருடைய காலையோ மிதித்து, "மாஃப் கர்னா" என்றான். அடுத்த கூடையும் ஊதாவுக்கே விழுந்தது. பச்சை ஒரே ஒரு புள்ளி முன்னிலை; மிச்சம் பதினான்கு நொடி. பச்சை அணியின் பயிற்சியாளர் இடைவேளை கேட்டார்.

ஆட்டம் நின்றது, தட்டலும் நின்றது. சாத்தாம் துறை கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிட்டது. ஏறத்தாழ நூறு பேர். ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி. எவரைக் கேட்பது? என்னவென்று கேட்பது?

யோகராஜ் மூச்சை இழுத்துப் பிடித்து, ஃபெரி முழுவதும் கேட்கக் கத்தினான்: "ஊதாக்காரனுங்களுக்கு ஆடத் தெரியாது! போன மேட்ச்ச ரெஃபரிதான் ஜெயிச்சுக் குடுத்தான்!"

பயணிகள் திகைத்துத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வங்காளிப் பெரியவர் தன் பேத்தியை அருகே இழுத்துக்கொண்டார். ஒரே ஒரு குரல் மட்டும் பதிலடி கொடுத்தது.

"எவம்ல அவன்? ஆடத் தெரியாமத்தான் மூணு மேட்ச் ஜெயிச்சாங்களோ?"

மீன் வைத்த பெரிய தெர்மாகோல் பெட்டியின் பக்கத்தில், ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி ஒருவர் உட்கார்ந்திருந்தார். இடக்கையில் கைப்பேசி, வலக்கை பெட்டியின் மூடிமேல்.

"அக்கா… நீங்களா?"

"ஏன், மீன்காரி பாக்கக்கூடாதா? செலின்னு தூத்துக்குடில கேட்டுப் பாரு. ஸ்கூல் டீம்ல மூணு வருசம் ஆடுனவ நான்."

"இவ்வளவு லேட்டாவா மார்க்கெட்டுக்குப் போறீங்க?"

"மத்த நாள்ல அஞ்சரை மணி போட்டுலயே போயிருவேன். மேட்ச் அன்னிக்கு இதுதான். ஐஸ் கரைஞ்சா கரையட்டும்." பிறகு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீ பச்சையா? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

அவன் பதில் சொல்வதற்குள் ஆட்டம் தொடங்கியது. அவர் கைப்பேசியில் தொடங்கியது. அவனுடையதில் இன்னும் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. யோகராஜ் திரையைப் பார்க்காமல் செலினைப் பார்த்தான். அவருடைய உதடுகள் இறுகின. கண்கள் விரிந்தன. வலக்கை மூடிக்கு மேல் உயர்ந்தது. உயர்ந்த கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

"என்னக்கா ஆச்சு?"

அவர் தம் கைப்பேசியைச் சேலை மடியில் கவிழ்த்தார். "எங்கிட்ட கேக்காத. உன் போன்ல பாரு."

தட்டுவதற்கு உயர்ந்த கையா, தலையில் அடித்துக்கொள்ள உயர்ந்த கையா? அந்த முகத்தில் அவனால் எதையும் படிக்க முடியவில்லை. திரையைப் பார்த்தான். செலினும் எட்டிப் பார்த்தார். ஊதாச் சட்டைக்காரன் ஒருவன் பச்சை அணியிடமிருந்து பந்தைப் பறித்து, இருவருக்கு நடுவே புகுந்து எம்பினான். பந்து வளையத்தில் பட்டது, ஒரு சுற்றுச் சுற்றியது, உள்ளே விழுந்தது. அதோடு ஆட்டம் முடிந்தது; கோப்பை ஊதாவுக்கு.

அதன் பிறகுதான் அந்தக் கை இறங்கியது. டொக் டொக் டொக் என்று மூடியே பிளக்கும்படி முழங்கித் தீர்த்தார் செலின்.

"எப்படி? ஆடத் தெரியாதாமே!"

"ஃபவுல்க்கா அது! தோளால இடிச்சுட்டுத்தான் எம்புறான்!"

"தோளு பட்டுச்சா? போய் கண்ணாஸ்பத்திரில காட்டு தம்பி. உங்காளு நகந்துக்கிட்டே இருந்தான்."

"நின்னுட்டுதான் இருந்தான்! காலப் பாருங்க!"

ஃபெரி துறையில் மோதி நின்றது. ரவிக்குமார் வண்டியை உதைத்துக் கிளப்பினார். "சலோ யோகராஜ், ஒன்பதுக்கு பட்டறை. வர்றியா இல்லையா?"

"நீங்க போங்க. நான் வந்துடறேன்." யோகராஜ் ஆட்டத்தைப் பின்னோக்கி ஓட்டிக்கொண்டிருந்தான். "அக்கா, இந்த எடத்துல பாருங்க."

"முதல்ல இந்தப் பக்கம் பிடி. ஐஸ் கரையுது."

கைப்பேசியைப் பெட்டியின் மூடிமேல் வைத்துவிட்டு அவன் ஒரு பக்கம் பிடித்தான், செலின் மறுபக்கம். மூடியின்மேல் ஊதாச் சட்டைக்காரன் மறுபடி எம்பிக்கொண்டிருக்க, அதைப் பார்த்தபடியே இருவரும் பெட்டியோடு சந்தைப் பக்கம் நடந்தார்கள்.