இரண்டு மைல் தகடு

கூடாரம் பறந்ததைத்தான் நோரீன் முதலில் பார்த்தாள். அதன் இரும்புக் கால் எங்கே போய் விழுந்தது என்பதை அப்புறம்தான் பார்த்தாள்.

வெயிலுக்கு மறைப்பாகப் போட்ட துணிக்கூடாரம். வயோமிங் காற்று அதை ஒரே தூக்காகத் தூக்கி, பிக்கப் வண்டியின் பின்தட்டில் படுத்திருந்த அவளுடைய ரைபிள் மேல் சாத்தியது. ரைபிளுக்கு ஒன்றும் இல்லை. மேலே குறிபார்க்கப் பொருத்திய கண்ணாடி, ஸ்கோப்தான் அடியை வாங்கிக்கொண்டது. தூரத்துக்கு ஏற்றபடி குறியை உயர்த்தும் திருகு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு நின்றது. திருகிப் பார்த்தாள். உள்ளே மணல் அரைபடுகிற சத்தம்.

"அக்கா..." என்றான் தம்பி லைல்.

"கூடாரத்துக்கு முளை அடிச்சியா?"

"அடிக்கணும்னுதான் சுத்தியல எடுத்தேன். அதுக்குள்ள காபி ஆறிடுமேன்னு..."

"ஆறிடுச்சா?"

"ஆறிடுச்சு."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். இன்று திருகை இன்னொரு முறை திருகிப் பார்த்தாள்.

நோரீன் ஹாகன் நிலக்கரிச் சுரங்கத்தில் வீடு உயர லாரிகளுக்கு மெக்கானிக். லைல் தண்ணீர் பம்புகள் ரிப்பேர் செய்பவன். ஆகஸ்ட் கடைசியில் இருவரும் லீவு போட்டுவிட்டு இந்த மாட்டுப்பண்ணைக்கு வந்துவிடுவார்கள். முதல் நாள் ஒரு மைல், ஒன்றரை மைல் என்று தொங்கும் இரும்புத் தகடுகளைச் சுட வேண்டும். அதில் தேறியவர்களுக்கு மறுநாள் ஒரே ஒரு தகடு. சேஜ் புதர்களுக்கு அப்பால், மண்மேட்டின் அடியில், சரியாக இரண்டு மைல் தள்ளி. அகலம் நாலடி, உயரமும் நாலடி. ஆளுக்கு ஐந்து தோட்டா. ஒத்திகைச் சூடு கிடையாது. அடித்தவர் வண்டியில் அங்கே போய், அந்தத் தகட்டிலேயே தன் பெயரைத் தன் கையால் எழுதலாம்.

பரிசுக் கோப்பை யாருக்கு வேண்டும்? நோரீனுக்கு அந்த எழுத்துத்தான் வேண்டும். ஆறு வருஷமாக வந்து, ஆறு வருஷமும் மண்ணைக் கிளப்பிவிட்டுத் திரும்பியிருக்கிறாள். குளிர்காலம் முழுக்கச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து வெடிமருந்தை நிறுத்து நிறுத்து நிரப்பிய தோட்டாக்கள் இந்த ஒரு தகட்டுக்காகத்தான். ரைபிளின் குழலும் தேய்ந்து கடைசிக் கட்டத்தில் இருந்தது. புதுக் குழல் மாட்டினால் எல்லாக் கணக்கையும் முதலிலிருந்து போட வேண்டும். இந்த வருஷம் விட்டால் மறுபடி இந்த இடத்துக்கு வந்து சேர எத்தனை வருஷமோ.

நேற்றைய சுற்றில் தேறியும் பலனில்லை, இப்போது ஸ்கோப் போச்சு. ஸ்கோப் இல்லாத ரைபிள் இரண்டு மைலுக்கு வெறும் உலக்கை.

"என்னம்மா இது, என்னைப் பாத்து பயந்து உன் ஸ்கோப்பே உசுர விட்டுடுச்சா?"

திரும்பினாள். வெர்லின் ஸ்டுகார்ட் நின்றிருந்தார். நெப்ராஸ்காவில் மாட்டுக்குப் புல் விளைவிக்கும் விவசாயி. அறுபதைத் தாண்டியவர். பதினோரு வருஷமாக வருகிறார். அவர் பெயரும் தகட்டில் இல்லை. யார் முதலில் எழுதுவது என்று இருவருக்கும் ராத்திரி நெருப்புக் குழியைச் சுற்றி வருஷா வருஷம் வாய்ச்சண்டை. இன்று காலை முதல் ஆளாகச் சுட்டவர் அவர்தான். ஐந்தும் மண்.

"அண்ணே, விளையாடாதீங்க. கூடாரம் விழுந்துடுச்சு."

அவர் குனிந்து பார்த்தார். திருகை ஒரு விரலால் தொட்டார். சிரிப்பு நின்றது.

"உன் முறை எப்ப?"

"மத்தியானம். கடைசி ஆளு."

"அப்ப என்னோடத எடுத்துக்க. காலைல அஞ்சு தடவ குறி தப்பியிருக்கு. அதுக்கே வெக்கமா இருக்கும், உங்கிட்டயாவது ஒழுங்கா நடந்துக்கும்."

நோரீன் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். ஸ்கோப்பை ரைபிளிலிருந்து கழற்றுவது சின்ன விஷயமில்லை. கழற்றிவிட்டால் மாதக்கணக்கில் உட்கார்ந்து சரிபார்த்த குறியெல்லாம் போய்விடும்.

"அண்ணே, நான் அடிச்சுட்டா?"

"அடிச்சுட்டா அடுத்த வருஷம் பூரா உன் வாயில விழணும். தெரிஞ்சுதான் குடுக்கறேன். அந்த ஸ்பேனரை எடு."

தன் வண்டிக்குப் போய், தாமே திருகாணிகளைத் தளர்த்தி, ஸ்கோப்பைப் பிடியோடு கழற்றிக் கைக்குழந்தையைப் போல ஏந்தி வந்தார். நோரீனின் ரைபிள் மேல் பொருத்தி, திருகாணிகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார்.

"ரெண்டு பேரும் ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. இது மினிட் ஸ்கோப்பு. நீங்க பழகின மில் கிடையாது."

இந்த விளையாட்டில் கோணத்தை அளக்க இரண்டு கணக்கு உண்டு. இளவட்டங்களுக்கு மில், பழைய ஆட்களுக்கு மினிட். ஒரு மில் என்பது ஏறக்குறைய மூன்றரை மினிட். அடிக்கணக்கில் பழகிய தச்சன் கையில் மீட்டர் டேப்பைக் கொடுத்தால் எப்படியோ, அப்படித்தான் இது.

"அதுக்கென்ன, போன்ல மாத்திட்டாப் போச்சு" என்றான் லைல். தோட்டா எவ்வளவு இறங்கும் என்று கணக்குப் போடுகிற கருவி அவன் போனில்தான் இருந்தது. இரண்டு தட்டுத் தட்டினான். "மாத்தியாச்சு."

பக்கத்தில் இருந்த நூறு கஜத் திடலில் நாலு தோட்டா சுட்டுக் குறியைச் சரிசெய்தார்கள். நாலாவது சரியாகப் புள்ளியில் விழுந்தது. நோரீனுக்கு உயிர் திரும்பி வந்தது.

மத்தியானம் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

பாய் விரித்துக் குப்புறப் படுத்தாள். ரைபிளின் முன்னால் இருகால் தாங்கி, பின்னால் மணல் பை. இடது பக்கம் முக்காலியில் தொலைநோக்கியை வைத்து லைல் உட்கார்ந்தான். இவ்வளவு பெரிய ரைபிள் உதைக்கிற உதையில், கிளம்புகிற புழுதியில், சுட்டவருக்குத் தன் தோட்டா எங்கே விழுந்தது என்று தெரியவே தெரியாது. அதைப் பக்கத்தில் இருப்பவன்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். நோரீன் சுடுகிற கை என்றால் லைல்தான் கண்.

கயிற்றுக்குப் பின்னால் ஒரு கூட்டம். நடுவராக இருந்த பெண்மணி உரக்கச் சொன்னாள்.

"கடிகாரம் ஓட ஆரம்பிச்சா இவங்க ரெண்டு பேர் மட்டும்தான் பேசலாம். வெளியில இருந்து யாராவது ஒரு வார்த்தை சொன்னா சுட்டது அத்தனையும் செல்லாது. வெர்லின், உங்களுக்குத்தான் சொல்றேன்."

"நான் பேசவே இல்லையே!"

"பேசுவீங்கன்னு தெரியும்."

கூட்டம் சிரித்தது. கடிகாரம் ஓடியது.

லைல் புல்லைப் பார்த்தான், தூரத்தில் கானல் ஓடுகிற திசையைப் பார்த்தான். காற்றைச் சொன்னான். நோரீன் மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையை இழுத்தாள்.

தோள் அதிர்ந்தது. தோட்டா போய்ச் சேருவதற்குள் ஒரு பெருமூச்சு விட்டு இன்னொன்று இழுத்துவிடலாம்.

"வலது பக்கம் மண்ணு. உயரம் சரி. எட்டு இடது."

எட்டு என்றால் ஓர் அலகில் பத்தில் எட்டு பங்கு. கண்ணாடிக்குள் தெரிந்த கோடுகளில் அந்த அளவு தள்ளிப் பிடித்துச் சுட்டாள்.

"இன்னும் வலதுதான்!" லைலின் குரலில் ஆச்சரியம். "காத்து ஏறியிருக்குமோ? இன்னொரு அஞ்சு சேத்துக்க."

சேர்த்துக்கொண்டாள். சுட்டாள்.

"இன்னும் வலது. என்ன எழவுடா இது? தகட்டுக்கு வெளியதான் விழுது."

மூன்று போய்விட்டது. கயிற்றுக்குப் பின்னால் யாரோ முனகுகிற மாதிரி ஒரு சத்தம். நோரீன் ஓரக்கண்ணால் பார்த்தாள். வெர்லின் தொப்பியைக் கழற்றி அதன் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றார். முகம் பீட்ரூட் மாதிரி சிவந்திருந்தது. அவருக்கு என்னவோ தெரிந்திருக்கிறது. வாயைத் திறந்தால் அவளைக் கெடுத்துவிடுவோம் என்று தொப்பியைத் தின்கிறார்.

அவள் மறுபடி கண்ணாடிக்குள் கண்ணை வைத்தாள். புல் அப்படியே சாய்ந்திருந்தது. காற்று ஏறவில்லை. பிறகு ஏன் தோட்டா நகர மாட்டேன் என்கிறது? எட்டு என்றான், எட்டு நகர்த்தினேன். அஞ்சு என்றான், அஞ்சு நகர்த்தினேன். அவன் எட்டும் என் எட்டும்...

போனில் மாற்றினார்கள். அவன் தொலைநோக்கியை யார் மாற்றினார்கள்? அதற்குள் இருக்கிற கோடுகள் பிறவியிலேயே மில். அவன் மில்லில் பார்த்துச் சொல்கிறான். இவள் மினிட்டில் நகர்த்துகிறாள். அவன் ஒரு முழம் போ என்றால் இவள் ஒரு சாண் போகிறாள்.

"ஒரு நிமிஷம் இருக்கு" என்றாள் நடுவர்.

"லைலு, உன் குழாயில இருக்கறது மில்லுடா."

லைல் தொலைநோக்கியிலிருந்து தலையைத் தூக்கினான். பிறகு, "ஐயோ அக்கா, என்னை அடிச்சுக் கொல்லு" என்றான். "இரு, மூணரையால பெருக்கி..." அவன் உதடுகள் முணுமுணுத்தன. பம்பைப் பிரித்து மாட்டுகிற கைக்குப் பெருக்கல் என்றைக்குமே வராது.

"பெருக்காத. எண்ணே வேணாம். உனக்கும் தகடு தெரியுது, எனக்கும் தகடு தெரியுது. எத்தன தகடு தள்ளிப் போகுதுன்னு மட்டும் சொல்லு."

லைல் மூச்சு விட்டான். "ஒரு தகடு. இப்ப புடிச்சிருக்கற இடத்துல இருந்து ஒரு முழுத் தகடு இடது."

நோரீன் கண்ணாடிக்குள் அந்த வெள்ளைத் துணுக்கைப் பார்த்தாள். அதே அளவு இன்னொரு தகடு பக்கத்தில் தொங்குவதாக நினைத்துக்கொண்டாள். அங்கே பிடித்தாள். சுட்டாள்.

"பக்கம் சரி! கீழ விழுந்துடுச்சு, தகட்டுக்கு அடியிலயே மண்ணு. முக்கால் தகடு மேல புடி. முக்கால்!"

கடைசித் தோட்டாவைத் தள்ளினாள். கன்னத்தைக் கட்டையில் வைத்தாள். விசை எப்போது இழுபட்டது என்று அவளுக்கே தெரியவில்லை.

தோள் அதிர்ந்தது. புழுதி எழுந்தது. லைல் தொலைநோக்கியோடு ஒட்டிக்கொண்டிருந்தான்.

பிறகு, வெகு தூரத்தில், தோட்டா பட்டால் எரியும்படி தகட்டில் பொருத்தியிருந்த சிவப்பு விளக்கு மினுக்கிற்று.

லைல் கத்தியது என்ன வார்த்தை என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. நோரீன் எழுந்திருக்கப் பார்த்தாள். வெர்லின் கயிற்றைத் தாண்டி வந்து அவளைக் கைத்தாங்கலாகத் தூக்கினார். தொப்பி விளிம்பில் பல் தடம் தெளிவாகத் தெரிந்தது.

"மில்லு மில்லுன்னு தொண்ட வரைக்கும் வந்துடுச்சும்மா. முழுங்கிட்டேன். இன்னும் உள்ள அடைச்சுக்கிட்டுத்தான் நிக்குது."

"அண்ணே..." அவருடைய சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டாள். புல்லும் துப்பாக்கி எண்ணெயும் கலந்த வாசனை.

"சரி சரி. அழுது என் ஒரே நல்ல சட்டையைக் கெடுக்காத."

தகட்டுக்கு மூவரும் ஒரே வண்டியில் போனார்கள். அவள் தோட்டா இடது கீழ் மூலையில் ஈயத்தை வழித்துப் பூசியிருந்தது. கறுப்புப் பெயிண்ட் பேனாவால் தன் பெயரை எழுதினாள். பக்கத்தில் லைலின் பெயரை எழுதினாள். அதன் கீழே பேனாவை வைத்தபடி வெர்லினைத் திரும்பிப் பார்த்தாள்.

"வேணாம்" என்றார் அவர் பட்டென்று. "என் பேரை நான் எழுதிக்குவேன். ஓசியில எழுத மாட்டேன்."

"உங்க ஸ்கோப்புதானே அண்ணே அடிச்சுது?"

"அப்ப ஸ்கோப்பு பேரை எழுது. அதுக்கு நான் பேரே வைக்கல."

பண்ணைக்காரருக்கு ஒரு பழக்கம். போட்டி முடிந்த பிறகும் பொழுது சாயும் வரை தகட்டை இறக்க மாட்டார். யார் வேண்டுமானாலும் சுடலாம். கோப்பைக்குச் செல்லாது, பெயர் எழுதச் செல்லும். வெர்லினுக்குத் தோட்டா விழும் இடத்தைப் பார்த்துச் சொல்லும் பக்கத்து வீட்டுக்காரர் மாட்டுச் சந்தைக்கு நேரமாகிறது என்று காலையிலேயே கிளம்பிப் போயிருந்தார்.

நோரீன் கேட்கவில்லை. ஸ்கோப்பைக் கழற்றி அவர் ரைபிளில் மாட்டினாள். ஒவ்வொரு திருகாணியையும் சுரங்கத்து லாரிக்கு முறுக்குகிற கவனத்தோடு முறுக்கினாள். நூறு கஜத் திடலில் பக்கத்திலேயே உட்கார்ந்து, குறி வந்து சேரும்வரை அசையவில்லை. பிறகு லைலின் முக்காலிக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

"உனக்குப் பாக்கத் தெரியுமா?" என்றார் வெர்லின், படுத்தபடி.

"மில்லுல சொல்லட்டுமா அண்ணே, மினிட்லயா?"

"போ, வாயாடி."

அவர் சுட்டார். நோரீன் இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அதைப் பார்த்தாள். தெளிந்த காற்றுக்குள் தோட்டா கிழித்த ஒரு நெளிவு எழுந்து, வானத்தில் உயரமாக வளைந்து, மேட்டின் மேல் சரிந்து இறங்கியது. தண்ணீருக்குள் மீன் ஓடினால் மேலே தெரியுமே, அந்த மாதிரி. அவளுடைய ஒவ்வொரு தோட்டாவும் இப்படித்தான் போயிருக்கிறது. தான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, கண் எரிய எரிய, அவளுக்காக அத்தனையையும் பார்த்தவன் லைல்.

திரும்பிப் பார்த்தாள். அவன் கூடாரத்துக்கு முளை அடித்துக்கொண்டிருந்தான்.

"ஏம்மா, தூங்கிட்டியா? எங்க விழுந்துச்சு?"

"அரைத் தகடு வலது, அண்ணே. உயரம் அம்சமா இருக்கு."

வெர்லின் போல்ட்டைப் பின்னால் இழுத்தார். காலித் தோட்டா துள்ளிப் புல்லில் விழுந்தது. வெயில் இன்னும் மேட்டின் மேல்தான் இருந்தது. அவர் அடுத்ததை எடுத்துச் சட்டையில் துடைத்து உள்ளே தள்ளினார். நோரீன் கண்ணைக் கண்ணாடியிலிருந்து எடுக்கவில்லை.