கான்டரின் கட்டைவிரல்

செவ்வாய்க்கிழமை ஒத்திகையில், தேவாலய இசைத் தலைவரான கான்டர் தன் கட்டைவிரலை நிமிர்த்திக் காட்டினார். முப்பத்தெட்டு வருஷத்தில் அந்த விரல் நிமிர்ந்தது அதுதான் முதல் தடவை. பாடகர் குழுவில் முப்பது பேர் இருந்தும் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

அந்த விரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். துணைக்கு வாத்தியம் எதுவும் இல்லாமல் வெறும் குரலாகப் பாடும்போது எந்தக் குழுவுக்கும் சுருதி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். கிர்ஷ்பாக் தேவாலயக் குழுவுக்கோ அது படிக்கட்டில் இறங்குகிற மாதிரி இறங்கும். பாட்டு முடிந்ததும் கான்டர் ஃபோல்க்மார் லிண்ட்னர் சட்டைப்பையிலிருந்து, தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும் இசைக்கவையை எடுத்து, முழங்காலில் தட்டி, காதருகே வைத்துக் கேட்பார். பிறகு மார்புக்கு நேரே கட்டைவிரலைச் சாய்ப்பார். எவ்வளவு சாய்ந்ததோ அவ்வளவு சுருதி இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்; நிமிர்ந்து நின்றால் இறங்கவே இல்லை என்று அர்த்தம். ஞாயிறு ஆராதனையிலும் இதே கூத்துதான். சபைக்கு அவர் முதுகுதான் தெரியும் என்பதால், கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு விஷயமே தெரியாது. மேலே மேடையில் நிற்பவர்கள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவார்கள்.

ஃபோல்க்மார் கூரை வேய்பவரின் மகன். பள்ளியில் எல்லாப் பையன்களும் ஆளும் கட்சியின் இளைஞர் அணியில் சேர்ந்தபோது இவர் மட்டும் சேரவில்லை. அதனால் பல்கலைக்கழகத்தின் கதவு சாத்தப்பட்டது. திறந்திருந்தது தேவாலய இசைப்பள்ளி ஒன்றுதான். படித்து முடித்து இருபத்தேழு வயதில், ஒரு பெட்டியும் ஒரு சைக்கிளுமாக கிர்ஷ்பாக்குக்கு கான்டராக வந்து இறங்கினார். ஆர்கன் வாசிப்பது, குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது, குழுவை நடத்துவது எல்லாமே அவர் தலையில்தான். குளிர்காலத்தில் நிலக்கரி அள்ளிப்போடுவதும் அவர்தான்.

நாட்டை இரண்டாகப் பிரித்த சுவர் விழுந்த மறு வருஷம், மேற்கே ஹாம்பர்கிலிருந்து ஒரு பெரிய குழு அவரைக் கூப்பிட்டது. மூன்று நாள் நடத்திக் காட்டப் போனார். இனி திரும்பி வரமாட்டார் என்று ஊரே முடிவுகட்டிவிட்டது. நான்காம் நாள் ஒத்திகைக்குச் சரியான நேரத்தில் வந்து நின்றார். வேலை கிடைக்கவில்லையா என்று கேட்டதற்கு, கிடைத்தது, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்றார்.

"அங்க ஒருத்தரும் இறங்கறதே இல்ல. அப்புறம் நான் எதுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். தாழ்குரல் வரிசையின் முதல் ஆளாக நின்ற ரோஸ்விதா மட்டும் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள், நிம்மதியில். ரோஸ்விதா ஊர் மருந்துக்கடைக்காரி. அவளுக்கு அவர் மேல் இருந்ததைக் காதல் என்று சொன்னால் கோபித்துக்கொள்வாள். சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை.

இசைக்கவை இடம் மாறியதை முதலில் கவனித்தவளும் அவள்தான். காதருகே இருந்தது காதுக்குப் பின்னாலுள்ள எலும்புக்குப் போனது. போன வருஷம் பல்லுக்கு நடுவே வந்துவிட்டது. மேல்குரல் ஆண்கள் வரிசையில் நிற்கும் பேக்கரிக்கார ஹோல்கர், அடுத்த வருஷம் கான்டர் அதை முழுங்கிவிடப் போகிறார் என்றான். ரோஸ்விதா சிரிக்கவில்லை. அவருடைய காதுக்கருவிக்கு பேட்டரி விற்பவளே அவள்தான். நான்கு மாதமாக அவர் பேட்டரி வாங்க வரவில்லை.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. வரும் ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரக் காத்திருப்பின் முதல் ஞாயிறு. மாலையில் முதல் மெழுகுவர்த்தியை ஏற்றுவார்கள். அன்றோடு கான்டர் ஓய்வு பெறுகிறார். கடைசிப் பாட்டாக வாத்தியமில்லாத பாட்டு ஒன்றைத்தான் வைத்திருந்தார். ஒத்திகையில் இசைக்கவையைக் கடித்துக்கொண்டு சுருதியை முனகிக் காட்டினார். நான்கு சுரம் அதிகம். ஆனால் கான்டர் கொடுத்த சுருதியைக் கேள்வி கேட்கும் வழக்கம் அந்தக் குழுவில் கிடையாது. அதே உயரத்தில் பிடித்தார்கள். மேல்குரல் பெண்கள் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்கள். ஹோல்கர் நடுவிலேயே குரலைப் பறிகொடுத்துவிட்டு வெறும் வாயை அசைத்தான். முடிந்ததும் கான்டர் இசைக்கவையைத் தட்டிக் கடித்தார். எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். விரலை நிமிர்த்தினார்.

அவர் போன பிறகு முப்பது பேரும் மண்டபத்திலேயே நின்று குசுகுசுவென்று பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுக்க வரப்போகிறது. அவர் தலைகுனிந்து போகும்படி விடக்கூடாது. யாராவது போய்ச் சொல்லியாக வேண்டும். வழக்கம்போல் ரோஸ்விதாவின் தலையில் கட்டினார்கள்.

மறுநாள் காலை அவள் போனபோது கான்டர் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். அழைப்பு மணி அவருக்குக் கேட்கவில்லை. ஜன்னலைத் தட்டி, கையை ஆட்டி, அவர் திரும்பிப் பார்க்கக் கொஞ்ச நேரம் ஆனது. எதிரே உட்காரவைத்து, அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வழியெல்லாம் கோர்த்துவைத்த வார்த்தைகளை அவள் மென்று முழுங்கினாள். சூப்பைப் பற்றிப் பேசினாள். பனி விழுமா என்று கேட்டாள்.

"எவ்வளவு ஏத்திக் குடுத்தேன்?" என்றார் கான்டர்.

அவள் நான்கு விரலைக் காட்டினாள்.

"அடப்பாவிங்களா. அவ்வளவு மேலயா பாடினீங்க?"

"நீங்கதானே குடுத்தீங்க."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். கருவியை மாட்டினால் பேச்சு கேட்கிறது, பாட்டோ தகர டப்பாவை உருட்டுகிற மாதிரி இருக்கிறது, அதனால்தான் கழற்றிவைத்துவிட்டேன் என்றார். ஒரு வருஷமாகப் பாட்டைக் கண்ணால்தான் கேட்கிறாராம். யார் எங்கே மூச்சு எடுக்கிறார்கள், யார் தோளைத் தூக்குகிறார்கள் என்பதை வைத்து ஒப்பேற்றியிருக்கிறார். நேற்று அந்தக் கழுத்து நரம்புகளைப் பார்த்ததுமே, ஏற்றிக் கொடுத்துவிட்டோம் என்று புரிந்துபோனதாம்.

"தெரிஞ்சுமா விரல நிமித்தினீங்க?"

"சோதிச்சுப் பாத்தேன், ரோஸ்விதா. நான் விரல நிமித்தினா நீங்க எல்லாரும் கைகொட்டிச் சிரிக்கணும். யோவ், நாங்களாவது இறங்காம பாடறதாவதுன்னு கேக்கணும். ஒருத்தரும் சிரிக்கல. சாவு வீட்டுல நிக்கற மாதிரி நின்னீங்க." இன்னொரு உருளைக்கிழங்கைக் கையில் எடுத்தார். "காது போனது கூடப் பரவால்ல. நீங்க என்னைப் பாத்துப் பாவப்படறீங்களே, அத என்னால தாங்க முடியல."

ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன் என்றார். காய்ச்சல் என்று சபையில் சொல்லிவிடச் சொன்னார். ரோஸ்விதாவுக்கு வந்தது கோபம். முப்பத்தெட்டு வருஷம் எங்களைக் குத்திக்காட்டிவிட்டு, கடைசி நாளில் காய்ச்சல் என்று படுத்துக்கொள்வீர்களா என்று கேட்டாள். உதட்டசைவை அவர் படிக்க வேண்டும் என்பதற்காக அதை மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகத் திட்ட வேண்டியிருந்தது. பாதியிலேயே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சுருதியை நான் கொடுக்கிறேன், நீங்கள் கையை மட்டும் அசையுங்கள் என்றாள் அவள். அவர் யோசித்தார். எழுந்துபோய்க் கோட்டிலிருந்து இசைக்கவையை எடுத்துவந்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அதன் காம்பில் அவர் பல் பட்ட தடம் இருந்தது.

"பாட்டு முடிஞ்சதும் விரலையும் நீங்கதான் காட்டணும். நெஜத்தக் காட்டணும். பொய்யா நிமித்துனீங்கன்னா உங்க முகத்துலயே தெரிஞ்சிரும். சம்மதமா?"

அவள் தலையசைத்தாள்.

ஞாயிறு மாலை தேவாலயம் நிரம்பி வழிந்தது. மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். ரோஸ்விதா இசைக்கவையைத் தட்டி, சுருதியை முனகி வரிசை வரிசையாகக் கொடுத்தாள். கான்டர் கையை உயர்த்தினார். அன்று அந்தக் குழு பாடிய மாதிரி அதற்கு முன் பாடியதில்லை. அவருடைய கைகள் ஒவ்வொருவரின் மூச்சையும் பார்த்துப் பார்த்து வாங்கிக்கொண்டன. ஒரு வரியைக் கூட அவர் அவசரப்படுத்தவில்லை. கடைசிச் சுரம் கூரையில் கரைந்தபோது முன்வரிசையில் ஒருவர் வெளிப்படையாகவே அழுதார். ஹோல்கரின் கண்ணும் கலங்கியிருந்தது.

கான்டர் கைகளை இறக்கினார். ரோஸ்விதாவைப் பார்த்தார்.

அவள் முழங்காலில் தட்டி, காதருகே வைத்துக் கேட்டாள். அரைச் சுரத்துக்கு மேலேயே இறங்கியிருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தால், இருபத்தொன்பது பேரும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹோல்கர் புருவத்தைத் தூக்கி, நிமிர்த்து, நிமிர்த்து என்று கெஞ்சினான். அவர் வாழ்க்கையின் கடைசிப் பாட்டு, அவருக்குக் கேட்கப்போவதில்லை, ஒரு விரலை நிமிர்த்தினால் யாருக்கு என்ன குறைந்துவிடும்? அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. வேறு யாருக்காக இருந்தாலும் நிமிர்த்தியிருப்பாள்.

மார்புக்கு நேரே கட்டைவிரலைக் கொண்டுவந்தாள். சாய்த்தாள். இன்னும் கொஞ்சம் சாய்த்தாள்.

ஹோல்கர் கண்ணை மூடிக்கொண்டான். கான்டரின் தோள்கள் குலுங்கின. சபையில் இருந்தவர்கள் அவர் அழுகிறார் என்று நினைத்தார்கள். ஊரில் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். மேலே நின்ற முப்பது பேருக்கு மட்டும்தான் அவர் முகம் தெரிந்தது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எப்போதும் போல ரகசியம் பேசுவதாக நினைத்து, சற்று உரக்கவே சொன்னார்.

"அப்பாடா. என் ஆளுங்கதான்."

முதலில் சிரித்தது ஹோல்கர்.