மூடிவிட்டால் தெரியாத பலகை

ஃபிராங்க்ளினுக்குச் சர்க்கரையால் இடது கண் ஏற்கெனவே போய்விட்டது. வலது கண்ணிலும் கறுப்புத் துணுக்குகள் மிதக்க ஆரம்பித்தபோதுதான் அந்த மிக்-21 பெட்டியைத் திறந்தான். விவேக் நகர் வீட்டு அலமாரியில் பல வருடங்களாகப் பிரிக்காமலே வைத்திருந்த, பாகம் பாகமாக ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் போர் விமான மாடல். பீன்யா தொழிற்சாலையில் லென்ஸ் வைத்து உதிரிபாகங்களைச் சோதித்துக்கொண்டிருந்தவனை அப்போது ஸ்டோருக்கு மாற்றியிருந்தார்கள்.

இறக்கைகளைத் தடவிப் பார்த்தே ஒட்டிவிட்டான். விமானி அறையின் கருவிப் பலகையில்தான் வேலை நின்றது. விரல் நகம் அளவுக்குப் பலகை, அதில் அத்தனை டயல்கள். ஒவ்வொன்றிலும் வெள்ளை முள்ளைத் தூரிகை நுனியால் வரைய வேண்டும். முன்பெல்லாம் அவனுக்கு மிகவும் பிடித்த வேலை அது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று அந்தப் பலகையை மெல்லிய ஒட்டுத்தாளில் வண்ணத்தோடும் முள்ளோடும் அச்சடித்தே விற்றது. தண்ணீரில் ஊறவைத்து ஒட்டினால் போதும். ஆனால் தபாலும் சுங்கவரியும் சேர்ந்தால் விமானத்தின் விலையையே தாண்டியது.

அவன் மனைவி மலர் போனை வாங்கிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது? முழு ப்ளேனே இவ்ளோ இல்ல. உள்ள ஒட்டற துண்டுக்கு இவ்ளோவா?"

"அச்சு வேலை அப்டி, மலரு."

"மேல கண்ணாடி மூடிட்டா உள்ள இருக்கறது யாருக்குத் தெரியப் போவுது?"

"உத்துப் பாத்தா தெரியும்."

யார் உற்றுப் பார்ப்பது என்று அவள் கேட்கவில்லை. கண்ணுக்குள் போடும் ஊசிக்காகச் சீட்டுப் பணத்தை எடுத்தவள் அவள். அது அவனுக்கு உறுத்தியது. போனில் ஆர்டர் பட்டியலில் சேர்த்து வைத்திருந்த பித்தளை சீட் பெல்ட்டை நீக்கினான், ரெசின் சக்கரங்களை நீக்கினான். பலகையை மட்டும் நீக்க மனம் வரவில்லை, வாங்கவும் துணியவில்லை.

அடுத்த ஊசிக்குப் பிறகு டாக்டர், "இனிமே இருக்கறத காப்பாத்திக்கறதுதான்" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே ஆர்டர் போட்டுவிட்டான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பார்சல் வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலிலிருந்து வந்ததும் ஜன்னலோரம் மேசையைப் போட்டான். பலகை தண்ணீரில் ஊறியது. இடுக்கியால் எடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு விமானி அறைக்குள் வைத்தான். டயல்கள் அவனுக்கு ஒரு சாம்பல் பூச்சாகத்தான் தெரிந்தன.

"நேரா இருக்கா, பாரு."

மலர் குனிந்து பார்த்தாள். நேராகத்தான் இருக்கிறது என்ற சொல் வாய் வரை வந்தது.

"கொஞ்சம் சாஞ்சிருக்குங்க. இந்தப் பக்கம்."

அவன் இடுக்கியால் லேசாகத் தள்ளினான். நகரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினான். அவள் அவன் கையைப் பிடிப்பதற்குள் பலகை நடுவில் கிழிந்து, ஒரு பாதி சுருண்டுகொண்டது. இடுக்கி சட்டென்று வழுக்கியதிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. இடுக்கியைக் கீழே வைத்தான்.

மலர் அவன் பக்கம் திரும்பினாள். "இன்னொண்ணு வரவழைக்கலாம். நான் இன்னாவும் சொல்ல மாட்டேன். விலை இருக்கட்டும்."

"வேணாம். அதையும் இந்தக் கண்ணுதானே பாத்து ஒட்டணும்."

"நான் ஒட்டறேன்."

"உனக்கு இதுல இன்னா இருக்கு, மலரு."

கோபமில்லாமல்தான் சொன்னான். அவளுக்குச் சுருக்கென்றது. அடுப்படிக்குப் போனாள்.

அவன் கிழிந்த பாதியை அப்படியே விட்டு, கண்ணாடி மூடியை எடுத்து, விளிம்பை விரலால் தேடி ஒட்டினான். சாப்பாட்டுத் தட்டோடு அவள் வந்தபோது, அலமாரியில் மீதியிருந்த, பிரிக்காத விமானப் பெட்டிகளை இறக்கி வைத்திருந்தான். மாடல் செய்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் விற்பனைக்குப் போட வேண்டும், படம் எடுத்துக் கொடு என்றான். அவள் தட்டை வைத்துவிட்டு ஒவ்வொரு பெட்டியாக வெளிச்சத்தில் நிறுத்திப் படம் எடுத்தாள். எது எந்த விமானம் என்று பெட்டியைத் தொட்டுப் பார்த்து அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.