புக்கிங் புக்கிங் இல்லையாம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சிறுசேரி ஆபீசில் எங்கள் மாடி முழுக்க அது தெரியும். அன்று கூடுவாஞ்சேரி ஷட்டில் பஸ்ஸில் ஏசி வேறு ஓடவில்லை. வேர்த்து விறுவிறுத்து வந்து கம்ப்யூட்டரைத் திறந்தால், இரவு தானாக ஓடிய இன்டக்ரேஷன் டெஸ்ட் முழுக்கச் சிவப்பு, அதாவது தோல்வி.

நாங்கள் செய்வது, ஊழியர் பேருந்துகளில் சீட் பதிவு செய்யும் மென்பொருள். ஜாவாவில், தனித்தனி மாட்யூல்களாக எழுதியது. ஒவ்வொன்றும் தனியாக ஓடும்போது தங்கக் கம்பி. எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டிப் பார்ப்பதுதான் என் வேலை. சேர்த்தால்தானே சண்டை வரும். அன்றைய பிழைச் செய்தி இது: 'புக்கிங்கை புக்கிங்காக மாற்ற முடியாது.' படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. ஒரு மாட்யூலுக்கு வேண்டிய கிளாஸ்களை, அதாவது நிரல் துண்டுகளை, கொண்டுவர ஒரு லோடர் உண்டு. ஒரே கிளாஸை இரண்டு லோடர்கள் இரண்டு இடத்திலிருந்து கொண்டுவந்தால், பெயர் ஒன்றானாலும் ஜாவாவுக்கு அவை வேறு வேறு. ஒரே ஆள் இரண்டு ரேஷன் கார்டில் இருப்பது மாதிரி. ஆக, யாரோ ஒரு நகலை எங்கோ போட்டிருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ? முந்தின நாள் புதிதாகச் சேர்ந்தது சங்கரியின் மாட்யூல். கல்பாக்கத்திலிருந்து வருகிறவர். பிள்ளைகளுக்காக ஒன்பது வருடம் வேலையை விட்டிருந்துவிட்டு, ஆறு மாதம் முன்புதான் திரும்பியிருந்தார். அன்று நான்கு மணிக்குள் டீம் லீட் ஷ்யாம் அவரை நிரந்தரமாக்கச் சொல்லி எழுத வேண்டும். இல்லாவிட்டால் இன்னும் மூன்று மாதம் தொங்கல். இதெல்லாம் தெரிந்தும் ஒன்பதே முக்காலுக்கு எல்லோருக்கும் மெயில் தட்டிவிட்டேன்: 'சங்கரி மாட்யூலால் ரிலீஸ் நிற்கிறது.'

எங்களிடம் ஒரு வழக்கம். டெஸ்டை உடைத்தவர், அது சரியாகும்வரை சுழல் நாற்காலியை விட்டுவிட்டு, கேளம்பாக்கத்தில் வாங்கிய சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார வேண்டும். ஷ்யாம் அதைத் தூக்கிவந்து போட்டான். சங்கரி அதில் உட்கார்ந்தார்.

பத்தேகாலுக்கு மெதுவாகக் கேட்டார். "ஜெயப்பிரியா, டெஸ்ட் ஃபோல்டரைக் காலி பண்ணிட்டு ஒரு தடவ ஓட்டிப் பாக்கறீங்களா?"

"இன்னாக்கா, என் டெஸ்ட்ல தப்புன்றியா? அஞ்சு வருஷமா ஓடிகினு கீது!" வள்ளென்று விழுந்தேன்.

"ஓட்டிப் பாருங்கன்னுதான் சொல்றேன்."

நான் கண்டுகொள்ளவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஷ்யாம் வந்து, "இன்னா ஜெயா, எதுனா தெரிஞ்சுதா? ஒரே பேஜாரா கீது. இல்லன்னா மூணு மாசம்னு எழுதிர்றேன்" என்றான்.

இரண்டரை மணிக்கு, சங்கரி சொன்னது தப்பு என்று காட்டத்தான், ஃபோல்டரைக் காலி செய்து ஓட்டினேன். இருபது நிமிடம். முழுக்கப் பச்சை.

காலி செய்யுமுன் அதில் என்ன இருந்தது என்று பழைய நகலில் தோண்டினேன். புக்கிங் கிளாஸைப் பொதிந்து வைத்த பழைய ஜார் கோப்பு ஒன்று. போட்டவர் எழுதிய குறிப்பும் இருந்தது: 'தற்காலிகம். நாளைக்கு எடுத்துடறேன். ஜெயப்பிரியா.' தேதி, பொங்கலுக்கு முந்தின வாரம். இப்போது ஆகஸ்ட். ஊருக்குப் போகிற அவசரத்தில் நானே போட்டது. இத்தனை நாள் எந்த மாட்யூலும் இன்னொன்றுக்கு புக்கிங்கைக் கைமாற்றவில்லை. சங்கரியுடையதுதான் முதலில் கைமாற்றியது, மாட்டிக்கொண்டது.

அடிப்பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை. 'இப்போது சரி' என்று ஒரு வரி போட்டால் என் மானம் தப்பும். ஆனால் உடைத்தவர் என்ற பெயர் சங்கரிக்கே நிற்கும். வெட்கம் பிடுங்கித் தின்றது. காலையில் போட்ட மெயிலுக்கே, எல்லோருக்கும் போகும்படி பதில் எழுதினேன்: 'தப்பு என்னுடையது. ஜனவரியில் நான் போட்ட ஜார்தான் காரணம். சங்கரி மாட்யூலில் ஒரு பிழையும் இல்லை.'

ஷ்யாம் எட்டிப் பார்த்தான். "நீயா?"

"நான்தான். சிரிக்கிறத அப்பறம் சிரி, மொதல்ல அவங்களுக்கு எழுதி அனுப்பு."

மூன்றரைக்கு அனுப்பிவிட்டான். நான் சங்கரியிடம் போனேன்.

"எழுந்திரு அக்கா, அது என் ஸ்டூலு. மன்னிச்சிடுக்கா, எனக்கு வாய் நீளம்."

அவர் எழுந்து ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். "அந்தக் குறிப்ப நான் பத்து மணிக்கே பாத்துட்டேன்."

"பின்ன ஏன்க்கா சொல்லல? இன்னும் மூணு மாசம் தொங்கலாயிருக்குமே!"

"இத்தன வருஷம் கழிச்சு வந்து, முதல்ல இன்னொருத்தர் பேரைச் சொல்லணுமான்னு இருந்துச்சு. நீங்களே கண்டுபிடிப்பீங்கன்னு நெனச்சேன். அதுக்காக சும்மாவும் இருந்துட மாட்டேன்."

ஃபோனைக் காட்டினார். மூன்று நாற்பத்தைந்துக்கு, 'ஷ்யாமிடம் குறிப்பைக் காட்டு' என்று அலாரம் வைத்திருந்தார். சிரித்துக்கொண்டே அதை அணைத்தார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு மணிவரை அந்த ஸ்டூலைவிட்டு எழவில்லை. திரும்பும்போதும் ஷட்டிலில் ஏசி ஓடவில்லை; நான் யாரையும் திட்டவில்லை.